பையில் ஒரு பட்டையோடு சாந்தன்பாறைக்கு

காலை ஐந்தரைக்குக் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட என் வீட்டுக்காரர் பஸ் கிளம்பும்வரை நிற்கவில்லை. அன்று தொடங்கி எங்கள் தோப்புக்குத் தண்ணீர் முறை. ஆழியாற்று வாய்க்காலில் வருகிற தண்ணீரை முறை நாளில் மடை திறந்து பாய்ச்சிக்கொண்டால்தான் உண்டு. தவறவிட்டால் அடுத்த முறைவரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாசி வெயிலில் காய்கிற தென்னைக்கு அது சின்ன விஷயமில்லை. அதனால் அவர் நின்றுகொண்டார், நான் மட்டும் கிளம்பினேன்.

போகிற காரியம் மிளகு. தென்னைக்கு நடுவில் மிளகுக்கொடி ஏற்றலாமா என்று வெகு நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். இடுக்கியில் சாந்தன்பாறைப் பக்கம் நல்ல கொடிகள் இருப்பதாகச் சொன்னார்கள். பறிப்பு நடக்கிற சமயத்திலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் எது நன்றாகக் காய்க்கிறது என்று தெரியும். நான்கு நாள் திட்டம்.

என் துணிப்பையின் அடியில் ஒரு சுருக்குப் பை இருந்தது. அதற்குள் கறுப்பும் மஞ்சளுமாக இரண்டு நைலான் பட்டைகள், பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடிகள், ஓர் இரும்புக் கொக்கி, கதவின் மேல் விளிம்பில் செருகுகிற ஒரு பஞ்சுக் கட்டை. எல்லாம் சேர்த்து ஒரு கிலோகூட வராது. போன வருடம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து என் வலது தோள் இறுகிப்போனது. தலை பின்னக்கூடக் கை மேலே போகாமல் பல மாதம் வைத்தியம் செய்தேன். வலி விட்ட பிறகு பலம் வரவேண்டும் என்று சித்தூரில் இருக்கிற பிசியோதெரபிப் பெண் இதை வாங்கச் சொன்னாள். சஸ்பென்ஷன் ட்ரெய்னர் என்று பெயர். எனக்கு அது பட்டைதான்.

பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சேலைக் கரை அகலத்துக்கு இருக்கிற ஒரு பட்டை, ஐம்பத்துநான்கு வயதுப் பெண்ணின் உடம்பைத் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் நம்பிவிடுவதா? ஆனால் விஷயம் எளிமையானது. பட்டையைக் கதவின் மேலே மாட்டி, கதவைச் சாத்தி, கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய வேண்டும். பிறகு கையால் இழுத்து நிமிர வேண்டும். கால் கதவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு கஷ்டம். தள்ளி நின்றால் சுலபம். நம் எடைதான் நமக்கு எடைக்கல். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது என்று அந்தப் பெண் பலமுறை சொன்னாள். நாம் இழுக்கும்போது கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொள்கிற பக்கத்தில்தான் நிற்க வேண்டும். நம் பக்கம் திறக்கிற கதவில் மாட்டினால் கதவும் நாமும் ஒன்றாகப் போய் விழுவோம். பயணத்திலும் ஒரு நாள் விடக்கூடாது, விட்டால் தோள் பழையபடி இறுகும் என்றும் சொல்லியிருந்தாள்.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து மூணாறு பஸ். எண்பத்தைந்து கிலோமீட்டர்தான் என்றாலும் நான்கு மணி நேரம் பிடிக்கும். சின்னாறு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி ஒரு வனக் காவலர் ஏறினார். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தவர் என் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திறக்கச் சொன்னார். கொக்கி கையில் தட்டுப்பட்டிருக்கும். பட்டையை வெளியே எடுத்து நீட்டிப் பார்த்து, மரம் ஏறவா என்று மலையாளத்தில் கேட்டார். அடுத்து வருவது மறையூர், சந்தன மரக் காடு. அவர் கேட்டதில் தப்பில்லை. தோளுக்கு உடற்பயிற்சி என்றேன். எங்கே கட்டுவீர்கள் என்றார். கதவில் என்றேன். என் முகத்தையும் நரைத்த தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா அதுவரை காலடியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மூணாற்றில் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் பூப்பாறை பஸ். தேவிகுளத்தில் தாலுகா ஆபீசுக்கு வந்தவர்கள் கும்பலாக ஏறினார்கள். அதைத் தாண்டினால் பாறையைக் குடைந்து போட்ட அகலமான ரோடு. ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை, இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டும்வரை வெட்டிவிட்ட தேயிலை, நடுவில் வரிசையாகத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள். பூப்பாறை வரும்போது தேயிலை முடிந்து ஏலம் தொடங்குகிறது. வெயில் திடீரென்று குறைந்து, உயரமான மரங்களின் நிழலில் ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன.

பூப்பாறையில் எனக்காக ஒரு ஜீப் காத்திருந்தது. நான் போனில் சொல்லி வைத்திருந்த ஹோம்ஸ்டேக்காரர்கள் அனுப்பியது. ஓட்டியவர் முத்துக்குமார், முப்பத்தைந்து வயது இருக்கும். ஏழு கிலோமீட்டருக்கு முந்நூறு ரூபாய் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அதைவிட அவர் கேட்ட கேள்விகள் பிடிக்கவில்லை. தனியாகவா வந்தீர்கள், பின்னால் யாரும் வருகிறார்களா, எத்தனை நாள். தனியாக வருகிற பெண்ணிடம் ஒரு டிரைவர் இதைக் கேட்டால் என்ன நினைப்பது? நாளைக்கு வீட்டுக்காரர் வருகிறார் என்று ஒரு பொய் சொல்லி வைத்தேன். காலையில் நடக்கப் போகலாமா என்று நான் கேட்டதற்கு, வெளிச்சம் நன்றாக ஏறுகிறவரை ரோட்டில் இறங்கவே கூடாது, யானை வரும் என்றார். நல்லவேளை பட்டை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு ரோட்டிலிருந்து சற்று மேலே, ஏலத்தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. நடத்துகிறவர் பேச்சியம்மாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். அவருடைய தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து தேயிலைக்கு வந்த குடும்பம். பல வருடம் கொழுந்து எடுத்துவிட்டு, சேர்த்த பணத்தில் இந்த இடம் வாங்கி, இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். கணவர் சுடலைமுத்து ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை. சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்.

நான் முதலில் பார்த்தது கதவைத்தான். அறைக்கதவு உள்பக்கம் திறந்தது, அது உதவாது. குளியலறைக் கதவு அந்தப் பக்கம் திறந்தது, அதில் மாட்டலாம். ஆனால் பலகை மெல்லியதாகத் தெரிந்தது. தட்டிப் பார்த்தேன், கீலை ஆட்டிப் பார்த்தேன். பேச்சியம்மாள் தண்ணீர்ச் செம்போடு பின்னால் நின்றிருந்தார்.

“இந்தக் கதவு உறுதிதானுங்களா? அறுபத்தெட்டு கிலோ தாங்குமுங்களா?” என்று கேட்டேன்.

“எதுக்குக்கா?”

“சும்மா கேட்டனுங்க.”

இந்த வயதில் கயிற்றைப் பிடித்துத் தொங்கி உடற்பயிற்சி செய்கிறேன் என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் செம்பை மேசையில் வைத்துவிட்டு, கதவை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். பாலில்லாத கட்டஞ்சாயா போட்டு வருகிறேன் என்று போனார்.

ஆறரை மணிக்குப் பட்டையை மாட்டினேன். மெதுவாக இழுத்துப் பார்த்தேன், கதவு அசையவில்லை. பத்து தடவை இழுத்திருப்பேன். தட்டாமல் கொள்ளாமல் பேச்சியம்மாள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார், கையில் சாயா. அந்த நேரம் நான் முகம் கழுவ வேண்டும் என்று பட்டையை விட்டுவிட்டு நின்றிருந்தேன். அது கதவின் உச்சியிலிருந்து நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. சாயாவைக் கொடுத்துவிட்டு அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து அவர் என்னை விடவில்லை. ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, மருமகள் எப்படி, வீட்டில் மனஸ்தாபம் உண்டா என்று கேள்வி மேல் கேள்வி. வீட்டுக்காரரின் போன் நம்பர் வேண்டும் என்றார். தங்குகிறவர்களின் வீட்டு நம்பர் வாங்கி வைக்க வேண்டும் என்று போலீசில் சொல்லியிருக்கிறார்களாம். கொடுத்தேன், மனசில்லாமல். சிறிது நேரத்தில் சுடலைமுத்து திருப்புளியோடு வந்து, தாழ்ப்பாள் லூசாக இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். கழற்றினவர் மறுபடி மாட்டவில்லை. சாமான் கடை பூட்டிவிட்டது, நாளைக்கு என்றார். நான் சாயங்காலம் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்திருந்தேன். அது லூசாக இல்லை.

எனக்குச் சந்தேகம் வலுத்துவிட்டது. கழுத்தில் நான்கு பவுன் சங்கிலி. கழற்றிக் காலுறைக்குள் வைத்து, காலுறையைத் துணிக்கு நடுவில் சுருட்டி வைத்தேன். தங்குகிற இடங்களில் கேமரா வைக்கிறார்கள் என்று செய்திகளில் கேட்டிருக்கிறேன். பல்பு, சுவிட்சு, கண்ணாடிப் பின்பக்கம் எல்லாம் பார்த்தேன். வீட்டுக்குப் பேசலாம் என்றால் என் போனில் சிக்னல் எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துக் கதவில் முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். வெளியே நடையில் யாரோ பாய் விரித்துப் படுப்பது கேட்டது. எனக்கு அன்று சரியான தூக்கம் இல்லை.

காலையில் கதவைத் திறந்தால் நடையில் படுத்திருந்தவர் பேச்சியம்மாள். உள்ளே புழுக்கமாக இருந்தது என்றார். நான் இரண்டு கம்பளி போர்த்தியிருந்தேன். பட்டையை மாட்டலாம் என்று எடுத்தால், அவர் துடைப்பத்தோடு அறைக்குள் வந்து, கூட்டி முடித்த இடத்தையே மறுபடி கூட்டினார். அன்று பயிற்சி பாதியில் நின்றது.

ஒன்பது மணிக்கு முத்துக்குமார் ஜீப்போடு வந்தார். நாங்கள் கிளம்பும்போது பேச்சியம்மாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னதைப் பார்த்தேன். கூட்டணி என்று முடிவு கட்டினேன். ஆனாலும் மிளகைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. பட்டப்பகல், தோட்டம் முழுக்க ஆட்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

மிளகுத் தோட்டம் என்னை ஏமாற்றவில்லை. முள்முருக்கு மரங்களில் கொடிகள் உச்சிவரை படர்ந்து, சரம் சரமாகக் காய்த்திருந்தன. ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைத்து ஏறி, இடுப்பில் கட்டிய சாக்கில் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரரிடம் எந்தக் கொடி வறட்சி தாங்கும், தென்னையில் ஏறுமா என்று கேட்டேன். தண்ணீர் தேங்காமல் இருந்தால் ஏறும், நாற்றுக்கு ஆனி மாதம் வாருங்கள் என்றார். இத்தனை நேரமும் முத்துக்குமார் என் பக்கத்திலேயே நின்றார். நான் ஒரு வரிசை நகர்ந்தால் அவரும் ஒரு வரிசை நகர்ந்தார். ஒதுக்குப்புறமாகப் போக வேண்டி வந்தபோது தோட்டத்துப் பெண் ஒருத்தியை என் கூட அனுப்பினார்.

திரும்பும்போது, உடும்பஞ்சோலைப் பக்கம் காற்றாலைகள் நிற்கிற மலைமேட்டிலிருந்து பார்த்தால் தேனிப் பக்கத்துச் சமவெளி முழுக்கத் தெரியுமாமே, அங்கே போகலாம் என்றேன். அவர் முகம் மாறியது. ரோடு மோசம் என்றார். எதிரே வந்த வேன்காரர் அங்கிருந்துதான் வருகிறோம் என்று சொன்னதும், மூடியிருக்கும் என்றார். நான் விடவில்லை. அரை மனதாகக் கொண்டுபோனார்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. கீழே தமிழ்நாடு, கட்டம் கட்டமாக வயலும் குளமும். போட்டோ எடுக்கலாம் என்று விளிம்பை நோக்கி நான்கு எட்டு வைத்தேன். அவர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல பிடி, வலித்தது. அதுவும் வலது கை.

“கைய உடுங்க” என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அக்கா, அங்கிட்டு வேண்டாம். இங்கிட்டு வந்து நில்லுங்க. என்ன வேணா சொல்லுங்க, கேக்கேன். அங்கிட்டு மட்டும் வேண்டாம்.”

அவர் கையை விட்டுவிட்டார், ஆனால் எனக்கும் விளிம்புக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். எனக்குப் பயம் பிடித்தது. இவனுக்குத் தலையில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். சரி போகலாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு தேவிகுளத்துக்குப் போய்விடுவது, அங்கே அரசாங்க ஆபீசுகள் இருக்கின்றன, நாலு பேர் நடமாட்டம் இருக்கும் என்று வழி முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மூன்று மணிக்கு அறைக்கு வந்து பையைத் திறந்தேன். துணி கலைந்திருந்தது. காலுறைக்குள் சங்கிலி இருந்தது. பணம் அப்படியே இருந்தது. பட்டையை மட்டும் காணோம்.

நான் நேராகச் சமையற்கட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் கப்பைக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். முத்துக்குமார் வாசலில் நின்றார்.

“என்ற பையில இருந்த பட்டை எங்கீங்க?”

“என்கிட்டதேன் இருக்கு. பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கேன்.” மறைக்கவே இல்லை. “உங்க வீட்டுக்காரரு வந்தா அவரு கையில குடுப்பேன். உங்க கையில குடுக்க மாட்டேன்.”

அடுத்தவர் பையைத் திறப்பது என்ன பழக்கம், போலீசைக் கூப்பிடுகிறேன் என்றேன்.

“கூப்புடுங்க. அவங்க வந்தா எனக்கும் நிம்மதிதேன்.” கத்தியைக் கீழே வைத்தார். அதைக்கூடத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். “அக்கா, மனசுல என்னத்த வச்சிருக்கீங்க? எதுன்னாலும் சொல்லிருங்க. நான் கேக்கேன்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கதவின் உறுதி, அறுபத்தெட்டு கிலோ, தொங்குகிற பட்டை, தாழ்ப்பாள், நடையில் விரித்த பாய், விளிம்பில் பிடித்த கை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு பெண் தனியாக வந்து இதே அறையில் தங்கியிருக்கிறாள். நன்றாகச் சாப்பிட்டாள், சாயா கேட்டு வாங்கிக் குடித்தாள், குழந்தைகள் போட்டோவைக் காட்டினாள். இரண்டாம் நாள் முத்துக்குமார்தான் அவளை மலை பார்க்கக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். ஜீப்பில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் திரும்பி வரவில்லை. பேச்சியம்மாள் இதைச் சொல்லும்போது வாசலில் நின்ற முத்துக்குமார் உள்ளே பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எதுக்கு வந்தே, என்ன வெசனம்னு நான் ஒரு வார்த்த கேக்கலக்கா. வந்தவங்கள நோண்டக் கூடாதுன்னு இருந்துட்டேன்” என்றார் பேச்சியம்மாள்.

நான் தோளைப் பற்றி, வைத்தியத்தைப் பற்றி, பிசியோதெரபிப் பெண்ணைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் வைத்திருந்தார். காலையில் நாங்கள் கிளம்பியதும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, உங்கள் சம்சாரம் பையில் கயிறு வைத்திருக்கிறார்களே, எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

“கயிறா, அவகிட்டக் கயிறு ஏதுங்கன்னுட்டாரு. கட்டுனவருக்கே தெரியலன்னா நான் என்னன்னு நெனைக்க?”

பட்டை வாங்கி இரண்டு மாதமாகிவிட்டது. தினமும் மாடியில் தேங்காய் போட்டு வைக்கிற அறைக் கதவில் மாட்டித்தான் செய்கிறேன். வீட்டுக்காரர் தோப்புக்குப் போன பிறகு செய்வேன், அவர் வருவதற்குள் சுருட்டி வைத்துவிடுவேன். வாங்கிய அன்று சொன்னேன் என்றுதான் நினைவு. மனசில் என்ன இருக்கிறது என்று பேச்சியம்மாள் கேட்ட கேள்வியை இந்த ஒரு வருடத்தில், கை தூக்க முடியாமல் நான் கிடந்த நாட்களில்கூட, யாரும் கேட்கவில்லை என்பதும் அப்போது தோன்றியது. மனசில் ஒன்றும் இல்லைங்க என்று அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே மணையில் உட்கார்ந்தேன். அவர் கத்தியை என் கைக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு கிழங்கு உரித்தார்.

பிறகு அவருடைய போனில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். அண்ணன் மத்தியானமே கிளம்பிவிட்டாரே, உங்களுக்குப் போன் போட்டுப் போட்டுக் கிடைக்கவில்லை என்று ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார் என்றார். முறைத் தண்ணீர் என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

சின்னாறு காட்டு ரோட்டை இருட்டினால் அடைத்துவிடுவார்கள் என்று நினைத்து என் வீட்டுக்காரர் பழனி, தேனி என்று சுற்றி, போடிமெட்டு ஏறி வந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு முத்துக்குமாரின் ஜீப்பிலிருந்து இறங்கினார். தோப்பு வேலைக்குக் கட்டுகிற பழைய வேட்டி. முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்திருந்தது. போனில் சார்ஜ் இல்லை. என்னை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார்.

“ஏம்புள்ள, நல்லாத்தான இருக்கறே?”

“எனக்கென்ன. தண்ணிய ஆருங்க பாக்கறாங்க?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“மடையத் தெறந்துபோட்டு வந்தனா, அடைச்சுப்போட்டு வந்தனான்னு நெனப்பில்ல.”

முப்பது வருடத்தில் மழை வந்தாலும் சாவு விழுந்தாலும் மடையை மறந்தவரில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு அவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்தேன்.

பேச்சியம்மாள் பீரோவைத் திறந்து, சுருக்குப் பையை எடுத்து, அவர் இரண்டு கையிலும் வைத்தார். “உங்ககிட்டக் குடுத்துட்டேன்” என்றார். அவர் பட்டையை வெளியே எடுத்து, மாட்டுக்குக் கயிறு வாங்கும்போது பார்ப்பதுபோல் தையல் தையலாக இழுத்துப் பார்த்தார். செய்து காட்டு என்றார். நான் கதவில் மாட்டினேன். நான்கு பேரும் சுற்றி நின்றார்கள். சாய்ந்து, இழுத்து, நிமிர்ந்து காட்டினேன். இத்தனை கண்களுக்கு நடுவில் செய்து பழக்கமில்லை. மூச்சு வாங்கியது.

“இதுதானா அந்த பெல்ட்டு? முதுகுக்குப் போடற பெல்ட்டுன்னு நெனச்சனே. இவங்க கயிறுன்னு சொன்னாங்க. நீ என்கிட்டக் கயிறுன்னு சொல்லவே இல்லியே” என்றார் என் வீட்டுக்காரர்.

சுடலைமுத்து கதவின் கீலைச் சோதித்தார். முத்துக்குமார் கைப்பிடியைப் பிடித்து இரண்டு தரம் சாய்ந்து பார்த்து, ஜிம்முக்கு நல்லாத்தேன் இருக்கும் என்றார். என் கையைப் பிடித்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மணிக்கட்டில் அவர் விரல் பட்ட இடம் இன்னும் கன்றியிருந்தது. பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இதற்குக் காசு கொடுத்தா வாங்கினீர்கள் என்று கேட்டார். கொடுத்தோம் என்றதும், நீங்கள் சொன்னால் சரிதான் என்றார். அந்தச் ‘சரிதான்’ முழுச் சரியாகக் கேட்கவில்லை.

அன்றே கிளம்பினோம். நான்கு நாள் திட்டம் மூன்று நாளில் முடிந்தது. தாழ்ப்பாளை மாட்டிவிட்டீர்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஜீப் திரும்பும்போது பேச்சியம்மாள் ஓடிவந்து, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கள் என்று சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னார்.

பூப்பாறையிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரை நாங்கள் பேசியது மிளகைப் பற்றித்தான். மடையை அவர் திறந்துபோட்டுத்தான் வந்திருக்கிறார். மேல்தோப்பில் தண்ணீர் முழங்கால் அளவு நின்று, வழிந்து ரோட்டில் ஓடியிருக்கிறது. கொழுந்தனார் சாயங்காலம் பார்த்து அடைத்திருக்கிறார். கீழ்த்தோப்புக்குச் சொட்டுப் போகவில்லை. அந்தப் பங்குனியில் கீழ்த்தோப்பில் குரும்பை நிறைய உதிர்ந்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பயணத்தில் இந்தப் பட்டை கொண்டுபோகலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கொண்டுபோகலாம், இடம் அடைக்காது, யானை வருகிற ஊரில் மிகவும் உதவும். அறைக்குள் போனதும் கதவைப் பாருங்கள். அதற்கு முன்னால் அறை கொடுத்தவர்களிடம் அது என்னவென்று சொல்லிவிடுங்கள்.

இப்போது நான் கீழே எங்கள் அறைக் கதவிலேயே மாட்டிச் செய்கிறேன். தோள் நன்றாக இருக்கிறது, தலை பின்ன முடிகிறது. நான் மாட்டுகிற நேரத்துக்கு அவர் ஏதாவது ஒரு சாக்கில் அறைக்குள் வந்துவிடுகிறார். செருப்பைத் தேடுகிறார், கண்ணாடியைத் தேடுகிறார். நான் பிடிப்பதற்கு முன்னால் பட்டையை ஒரு தரம் இழுத்துப் பார்க்கிறார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, நான் முடிக்கிறவரை பேப்பர் பார்க்கிறார்.

அவ்வப்போது சாந்தன்பாறையிலிருந்து அவருக்குப் போன் வரும். எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுவார். “நல்லாத்தானுங்க இருக்கறா” என்று தணிந்த குரலில் சொல்வது எனக்குக் கேட்கும். உள்ளே வந்ததும், என்னவாம் என்று கேட்பேன்.

“மொளகு வெல சொன்னாங்க” என்பார்.